நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன சாட்சி?

ஒருவரிடம் பெயரைக் கேட்டு, அவர் சொன்னதும் "அதை நிரூபியுங்கள்" என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில், தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் உதவி மேசை என்னுடையது. முதுகலை கடைசிப் பருவம். வகுப்புகள் முடிந்துவிட்டன, ஆய்வேடு எழுத வேண்டும். அதை எழுதாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வருகை, விடுப்பு, சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். கடவுச்சொல் மறந்தால், போன் நம்பர் மாறினால், கணக்கு பூட்டிக்கொண்டால் என்னிடம் வருவார்கள். வந்தவர் அவரேதான் என்று உறுதிசெய்த பிறகுதான் திறந்துவிட வேண்டும்.

ஓடிபி வருமா வராதா என்று போனை ஆகாயத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என் இனத்து மக்களே, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் உங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைக்காதீர்கள். அங்கேயும் நிம்மதி கிடையாது. சேர்ந்த அன்று மேலாளர் எனக்குச் சொன்ன மொத்தப் பயிற்சி இரண்டே சொல்: "யாரையும் நம்பாதீங்க." நல்லது என்றேன். என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

முதல் ஆள்

முதலில் வந்தவர் அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஃபிட்டர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார். பெயர் கேட்டேன். "எதுக்கு?" என்றார். பிறந்த தேதி கேட்டேன். "அது எதுக்கு?" என்றார். இப்படி விசாரித்து வாங்கிக்கொண்டுதான் யாரோ அவர் மச்சானை மொட்டையடித்து அனுப்பினார்களாம். கடைசியில் நான் யார் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்.

நியாயமான கேள்விதானே. அலுவலக அட்டை இன்னும் வந்திருக்கவில்லை, பல்கலைக்கழக அட்டையை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்துக்கு நேரே வைத்து ஒருமுறை, வெளிச்சத்தில் காட்டி ஒருமுறை. பிறகு கவுன்ட்டரில் வைத்துவிட்டு, தன் கணக்கைத் திறக்காமலே எழுந்து போனார். போகும்போது சொன்னது: "இதுல படிக்கிற பொண்ணுன்னு போட்டுக்குது. படிக்கிற பொண்ணுக்கு இங்க இன்னா வேல?"

ஒரு வேன், ஒரு நம்பர்

ஒரு திங்கட்கிழமை கஸ்தூரி அக்கா வந்தார். வண்டிகளுக்கான ஒயர் கட்டும் லைனில் வேலை. வருடக்கணக்காக ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வாரம்தான் தொழிற்சாலை சில ஒப்பந்த ஆட்களை நிரந்தரமாக்க விண்ணப்பம் கேட்டிருந்தது. கணக்குக்குள் போய்த்தான் விண்ணப்பிக்க முடியும். சனிக்கிழமையோடு கதவு மூடிவிடும், மறுபடி எப்போது திறக்குமோ யாருக்கும் தெரியாது. அக்காவால் உள்ளே போக முடியவில்லை. ஓடிபி வரவில்லை.

பார்த்தேன். ஓடிபி போய்க்கொண்டுதான் இருந்தது, வேறொருவர் போனுக்கு. அதே நம்பர், அவரோடு லைனில் நிற்கும் கிளோரி அக்கா கணக்கிலும் இருந்தது, அவர்களோடு ஒரே வேனில் வரும் அத்தனை பெண்கள் கணக்கிலும் இருந்தது. அது வேன்காரருடைய நம்பர். நைனா என்பார்கள் அவரை. கவரைப்பேட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவர். அப்போது பலரிடம் சொந்தமாகப் போன் இல்லை. "என் நம்பரப் போட்டுக்கங்க" என்றிருக்கிறார், போட்டுக்கொண்டார்கள். லீவு வேண்டுமென்றாலும் அவர்தான் கணக்கைத் திறந்து போட்டுக்கொடுப்பாராம்.

இப்போது ஓடிபி கேட்டால், வண்டி ஓட்டுகிறேன் என்கிறார். அப்பால பார்க்கலாம் என்கிறார். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடுகிறது. ஏன் என்று யோசித்தேன். ஒப்பந்த ஆள் வரும் வரைக்கும்தான் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வரும். நிரந்தரமானவர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு, வேன் தேவையில்லை. எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. உண்மையைச் சொன்னால் கஸ்தூரி அக்காமேலும் வந்தது. இன்னொருத்தி கணக்கைத் திறக்க வருகிறவளும் இப்படித்தானே ஒரு கதையோடு வருவாள்? அடையாள அட்டையைப் பார்த்தேன். அதிலிருக்கும் படத்தை வைத்து நம்மில் யாரையும் பெற்றவளே அடையாளம் காணமாட்டாள். "இது உங்கள் நம்பர் இல்லையே அக்கா" என்றேன், கொஞ்சம் போலீஸ் குரலில்தான். அவர் என்னைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என் நம்பர் இல்ல மேடம். ஆனா என் கணக்குக்கு அதான் நம்பர்."

மைக்கில் வந்த ரகசியம்

கணக்கிலிருக்கும் நைனாவின் நம்பரை நீக்கி அக்காவின் நம்பரைப் போட்டால்தான் வழி. அதற்கு முன் இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு மர அலமாரி, அதில் சிறு சிறு அறைகள். போனை வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும். என் மேசையோ கேட்டுக்கு உள்ளே. நான் ஓடிபி அனுப்பினால் அது கேட்டில் போய் மினுக்கும், அதற்குரியவர் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு முன்பிருந்தவர்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். செக்யூரிட்டி ஏகாம்பரம் அண்ணன், எந்த அறையில் போன் மினுக்குகிறதோ அதை எட்டிப் பார்த்து, கேட் மைக்கில் படிப்பார். லாரிகளுக்கு வழிசொல்லும் அதே மைக். "டோக்கன் நாப்பத்தி மூணு, ஓடிபி வந்துக்குது, எழுதிக்க, ஏழு, ரெண்டு, ரெண்டு..." கேன்டீனில் நாஷ்டா சாப்பிடுகிறவர்கள் வரை கேட்கும். முதல் தடவை கேட்டபோது என் காதுகளையே நம்பாமல் கேட்டுக்கு ஓடினேன். அண்ணா, இது ரகசியம், போனில் வரும்போதே யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டுத்தான் அனுப்புகிறார்கள், பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

"யார் ஒருத்தருகிட்டயும் நான் தனியா சொல்லலையே பாப்பா. எல்லாருக்கும் பொதுவாத்தான சொல்றேன்."

உங்களுக்குப் பிடித்த உணவு எது?

பழைய நம்பர் கையில் இல்லாதவர்களுக்கு விதியில் இன்னொரு வழி உண்டு. கணக்கு தொடங்கியபோது மூன்று கேள்விகளுக்குப் பதில் கொடுத்திருப்பார்கள். அதே பதிலைச் சொன்னால் நம்பரை மாற்றித் தரலாம். செவ்வாய்க்கிழமை கஸ்தூரி அக்காவை உட்காரவைத்துக் கேட்டேன். கிளோரி அக்காவும் துணைக்கு வந்திருந்தார். கிளோரி அக்கா அதே லைன், அதே வேன். வாய் மட்டும் தனி வேகம்.

பிடித்த உணவு? கஸ்தூரி அக்கா சிரித்தார். "வஞ்சிரக் கருவாட்டுக் கொழம்பு." தவறு என்றது திரை. நெருங்கிய தோழி பெயர்? பக்கத்தில் இருப்பவரைக் காட்டி "கிளோரி" என்றார். தவறு. கிளோரி அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "யாரப் போட்டுக்கிற நீ?" என்று அங்கேயே ஒரு சண்டைக்கு அடி போட்டார். முதலில் படித்த பள்ளி? திணறித் திணறி ஊர்ப் பள்ளியின் பெயரைச் சொன்னார். தவறு. கணக்கு மறுநாள்வரை பூட்டிக்கொண்டது.

அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை, கேள்விதான் கேட்டார். "நான் எப்ப பதில் குடுத்தேன்?" அவர் கொடுக்கவே இல்லை. ஆள் சேர்த்த அன்று வேன் கிராமத்துத் தெருவில் நிற்க, நைனாவும் ஓர் எழுத்தரும் முன்சீட்டில் உட்கார்ந்து எல்லோருக்குமாகப் போட்டு முடித்திருக்கிறார்கள். பெண்கள் ஜன்னல் வழியாகப் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இவர்களுக்கு என்ன பிடிக்கும், இவர்கள் தோழி யார் என்று இன்னொருவர் முடிவுசெய்து, அதை ரகசியமாகவும் வைத்திருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் திரையில் இருப்பதுதான் விடை, அதுதான் விதி என்று வாய் சொல்லிவிட்டது. கிளோரி அக்கா கவுன்ட்டரில் ஒரு தட்டு தட்டினார்.

"அவளுக்கு இன்னா புடிக்கும்னு அவளுக்குத் தெரியாதா, இல்ல உன் பொட்டிக்குத் தெரியுமா?"

தயங்காத குரல்

புதன்கிழமை காலை என் மேசைப் போன் அடித்தது. பெண் குரல். "நான் கஸ்தூரி பேசறேன். யாரோ என் அக்கவுண்டுல பூந்து நம்பர மாத்தப் பாக்கறாங்க. அத நிறுத்துங்க. நிரந்தர வேலைக்கு எதுனா மனு போட்டுக்குதுன்னா அதயும் எடுத்துடுங்க, எனக்கு வாணாம்."

எனக்குக் கஸ்தூரி அக்கா குரல் தெரியும். ஆனால் குரல் தெரியும் என்பதெல்லாம் விதியில் கிடையாது. கேள்விகள்தான் விதி. கேட்டேன். பிடித்த உணவு? "பிரியாணி." சரி. தோழி? "லட்சுமி." சரி. பள்ளி? எங்கோ பொன்னேரியில் உள்ள ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னாள். சரி. பச்சை பச்சையாக மூன்று டிக் விழுந்தன. நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. நேற்று கஸ்தூரி அக்கா "எந்த ஸ்கூலு, ஒண்ணாவதா, அஞ்சாவதுக்கு அப்பாலயா" என்று கேட்டுக் கேட்டுத் திணறினார். இவளுக்குத் தன் வாழ்க்கையைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

"இப்போது எங்கே இருக்கீங்க?" என்றேன். "ஊட்லதான், இன்னிக்கி லீவு." வருகைப் பக்கத்தைத் திறந்தேன். கஸ்தூரி, காலை ஷிஃப்ட், உள்ளே. போன் எடுத்துப் போக முடியாத இடத்தில் இருப்பவர் வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்கிறார். பின்னணியில் ஓர் ஆண் "சொல்லு, சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பதும் கேட்டது. கோரிக்கையை நிறுத்திவைக்கிறேன் என்றேன். அந்தக் குரலுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அநியாயம் செய்வது நான்தானாம்.

"அதான் எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னனே, இன்னும் இன்னா சந்தேகம் உனக்கு?"

மேலாளரின் கேள்வி

மேலாளர் தினமும் வேப்பம்பட்டிலிருந்து வருகிறார். ரயில், பஸ், பிறகு எங்கள் வண்டி என்று மாறி மாறி வந்து சேரும்போதே அரை மனிதராகத்தான் இருப்பார். அவரிடம் மொத்தத்தையும் சொன்னேன். பொய்க் கஸ்தூரிக்கு விடை தெரிகிறது, மெய்க் கஸ்தூரிக்குத் தெரியவில்லை. ஆகவே விடை தெரிந்தவள்தான் திருடி என்றேன். என் வாதம் எனக்கே பிடித்திருந்தது.

அவர் மசியவில்லை. "விடை சொன்னவங்கதான் உரிமையாளர். அதுக்குத்தானே கேள்வி வச்சிருக்கோம்?" வருகைப் பதிவைக் காட்டினேன். "வேற யாராவது அவங்க கார்டைத் தேய்ச்சிட்டு உள்ள போயிருக்கலாம்." அப்படியானால் இப்போது லைனில் நின்று ஒயர் கட்டுவது யார் சார் என்றேன். "அதைத்தானே நாம சரிபார்க்கணும்." இப்படியே போனால், பிறந்ததிலிருந்து கஸ்தூரியாக வாழ்ந்து வருகிறவரைப் பாதி நாளில் அந்த இடத்திலிருந்தே இறக்கிவிடுவார்போல இருந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து என்னைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நான் உறவா? ஒரே ஊரா? வேன்காரரோடு எனக்கு ஏதாவது பழைய தகராறா? என் கணக்கின் நடவடிக்கைகளை அவர் திரையில் திறந்து பார்ப்பதை நான் பார்த்தேன். உறவில்லை சார், சனிக்கிழமைக்குள் அவர் உள்ளே போகாவிட்டால் நிரந்தரம் போய்விடும், அது நம் பூட்டால் போகக் கூடாது என்றேன்.

கடைசியில் அரைமனதாக ஒரு வழி சொன்னார். நேரடிச் சரிபார்ப்பு. ஆள் நேரில் நிற்க வேண்டும், கேமரா முகத்தைப் பார்க்க வேண்டும், பழைய நம்பருக்கு அறிவிப்பு போக வேண்டும். நன்றி சொல்லிவிட்டுக் கதவருகே போய்விட்டேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆளுங்களச் சந்தேகப்படுங்கன்னு சொன்னேன். சிஸ்டத்தையே சந்தேகப்படச் சொல்லலையேம்மா."

மூடிய முகம்

வியாழக்கிழமை கேமரா முன்னால் கஸ்தூரி அக்கா. சாட்சிக்குச் செக்யூரிட்டி ஒருவர் வேண்டும் என்பதால் ஏகாம்பரம் அண்ணன். "முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்." வைத்தார். "கண் சிமிட்டவும்." சிமிட்டினார். "பொருந்தவில்லை." நான் ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், விளக்கைப் போட்டேன். பொருந்தவில்லை. என்னதான் படம் வைத்திருக்கிறார்கள் என்று பதிவைத் திறந்தால், அதில் இரண்டு கண்களும் ஒரு நீலத் துணியும் இருந்தன.

அவர் சேர்ந்தது எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்த சமயம். படமெடுத்தவர் கழற்றச் சொல்லவில்லை, கழற்றினால் அபராதம் என்ற பயத்தில் இவரும் கழற்றவில்லை. சரி, இப்போது கவசம் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். கேமராவுக்கு உடனே ஆளைத் தெரிந்துவிட்டது. தொண்ணூறுக்கு மேல் பொருத்தம் என்று காட்டியது. ஆனால் அடுத்த வரியில் "முகத்தை மறைக்காமல் காட்டவும்" என்று கேட்டது. கழற்றினார். பொருந்தவில்லை. போட்டார். மறைக்காதே. இப்படி மூன்று நான்கு முறை போனது. எனக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா தெரியவில்லை. கஸ்தூரி அக்கா கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் லைன் சூப்பர்வைசரைக் கூட்டிவந்தேன். தினமும் இந்த முகத்தைப் பார்க்கிறவர். இவர்தான் கஸ்தூரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், மேலாளரும் போட்டார். நம்பர் மாற்றக் கோரிக்கை போனது, பழைய நம்பருக்கு அறிவிப்பும் போனது. ஏகாம்பரம் அண்ணன் இன்னும் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடுனா அவதான். தொறந்தா அவ இல்ல. நல்லா வாங்கி வெச்சிருக்கிறாங்க பாப்பா மிஷினு."

உரிமையாளர் நேரில் வந்தார்

நான் பயந்தது நடந்தது. அந்த அறிவிப்புக்கு நைனா "இதை நான் கேட்கவில்லை" என்ற பொத்தானை அழுத்திவிட்டார். கோரிக்கை நின்றுபோனது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தினால் பின்னாலேயே இன்னொரு செய்தி போகும் என்பது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆட்சேபம் தெரிவித்த கணக்கு உரிமையாளர், மறுநாள் மாலைக்குள் உதவி மேசைக்கு நேரில் வந்து தன்னை உறுதிப்படுத்த வேண்டும். வராவிட்டாலும், உறுதியாகாவிட்டாலும் ஆட்சேபம் தள்ளுபடி.

வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் வந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த மீசை, விரலில் சுழலும் வேன் சாவி. பின்னால் வேன் பெண்கள் டீ டம்ளரோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கஸ்தூரி அக்கா எல்லோருக்கும் பின்னால்.

"ஆட்சேபம் கொடுத்தது நீங்களா?"

"நம்பரு என்னுது."

"கணக்கு?"

"நம்பரு என்னுதுன்னா கணக்கு மட்டும் யாருது? போன் இல்லாம இருந்தாளுங்களே, அப்ப யாரு நம்பர் குடுத்தது? லீவுக்கு யாரு கெஞ்சுனது? நானு."

அது பொய்யில்லை. அதனால் நான் வாதாடவில்லை, உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விதிப்படி மட்டும் கேட்டேன். "உட்காருங்க. கணக்கு உரிமையாளர் பெயர் சொல்லுங்க."

சாவி சுழல்வது நின்றது. வாசலைப் பார்த்தார். "...கஸ்தூரி."

"ஆணா, பெண்ணா?"

யாரோ டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேமராவைத் திருப்பினேன். கண் சிமிட்டச் சொன்னது. பழக்கதோஷமோ என்னவோ, சிமிட்டிவிட்டார். பொருந்தவில்லை. வாசலிலிருந்து கிளோரி அக்கா, "கர்ச்சீப்ப மூக்குக்கு மேல கட்டிக்க நைனா, மேட்ச் ஆவும்!" என்றார். சிரிப்பில் அறை குலுங்கியது. நைனா எழுந்தார். ஆட்சேபம் தள்ளுபடி என்று திரை தானாகவே எழுதிக்கொண்டது. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பதுதான் முகத்தில் தெரிந்தது.

"இத்தினி வருஷமா இவளுங்க யாருன்னு நான் சொன்னா நம்புனாங்க. இப்ப என்னையே யாருன்னு கேக்கற."

ஏரிக்கரை ஸ்டாப்பிங்

புது நம்பர் உயிர்பெற ஓர் இரவு ஆகும். சனிக்கிழமை காலை வந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டியதுதான். காலை ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள், கஸ்தூரி அக்கா வரவில்லை. எனக்கு எல்லாச் சந்தேகமும் வந்தது. மிரட்டியிருப்பாரா? விலைபேசியிருப்பாரா? இல்லை, ஆரம்பத்திலிருந்தே நான்தான் ஏமாந்தேனா? அப்புறம் அந்த வேனே வரவில்லை என்பது தெரிந்தது.

வெகுநேரம் கழித்து வேன் வந்தது. கஸ்தூரி அக்காவும் கிளோரி அக்காவும் நேராக என் அறைக்கு வந்தார்கள். கஸ்தூரி அக்கா ஏறும் ஏரிக்கரை ஸ்டாப்பிங்கில் நைனா வண்டியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டு போயிருக்கிறார். இவர் கையைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் முதலில் பேசவில்லை. வேனை விட்டால் அந்நேரத்துக்கு அங்கே வேறு வண்டி கிடையாது, எல்லோருக்கும் அரைநாள் சம்பளம் போய்விடும். நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் கிளோரி அக்கா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். வண்டி நின்றது. ஒருவர் இறங்க, இன்னொருவர் இறங்க, கடைசியில் வேனில் நைனாவும் டிபன் பாக்ஸ்களும்தான் மிச்சம். "நாங்க நடந்துக்கறோம் நைனா, எங்க நம்பரெல்லாம் உன்கிட்டதான கீது, அதுங்கள ஏத்திக்கினு போயி ஷிஃப்ட்ல வுடு" என்றாராம் கிளோரி அக்கா. பத்து நிமிஷம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, நைனா ரிவர்ஸிலேயே ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். எல்லோருக்கும் அரைநாள் போனது போனதுதான்.

ஓடிபியை அனுப்பினேன். இந்த முறை கஸ்தூரி அக்காவே கேட்டுக்குப் போய்ப் பார்த்து, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்து, என்னிடம்கூடச் சொல்லாமல் கையை மறைத்துத் தட்டினார். கணக்கு திறந்தது. விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பொத்தானை அவரே அழுத்தினார். "உங்கள் விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று வந்தது. வேலை கிடைக்குமா என்று இதை எழுதும்வரை தகவல் இல்லை. மனு போய்ச் சேர்ந்தது என்பதுவரைதான் என்னால் சொல்ல முடியும். நான் கைகொடுக்க எழுந்தேன். கிளோரி அக்கா தன் நம்பரை மாற்ற நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், அவருக்குப் பின்னால் வேன் முழுவதும் வரிசையில் நின்றது. கஸ்தூரி அக்கா மட்டும் திரையை விட்டு நகரவில்லை. சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சு, சரி. வாங்கிக்கினது யாரு மேடம்? பேரு, போட்டோ எதுனா காட்டச் சொல்லு."

இப்போதெல்லாம் தன்னைப் பற்றிய கேள்விக்குத் தவறாகச் சொல்லித் திணறுகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறேன், எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்கிறவரைத்தான் நீங்கள் யார் என்று கேட்கிறேன்.